ஒரே முகம், இரண்டு பட்டா
நாவலிலிருந்து திரைக்கு வந்த அண்ணன் தம்பிகள்

சென்ட்ரலிலிருந்து வரும் புறநகர் ரயிலில் ஆவடிக்கு முந்தைய நிலையம் அண்ணனூர். தம்பியூர் என்று ஒரு நிலையத்தை இந்தப் பாதையில் நான் பார்த்ததில்லை. "அண்ணனுக்கு ஊரையே எழுதி வச்சிருக்கான், தம்பிக்கு ஒரு ஸ்டேஷன்கூட இல்ல பாருங்க" என்று உடன் வரும் நண்பர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார். அவருடைய வீட்டு வழக்கு ஒன்று பல வருஷமாக வாய்தாவில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் அளவோடு சிரிப்போம்.

ஆவடியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு இருக்கிறது. ஒரு கிரவுண்டு மனை, நாற்பதுக்கு அறுபது. டேங்க் பேக்டரியில் வேலை பார்த்த அப்பா கட்டியது. அவர் போன பிறகு பிள்ளைகள் இருவரும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துகொண்டார்கள். சர்வேயர் வந்து அளந்தார். ஒரு பட்டா உட்பிரிவாகி இரண்டானது. தீபாவளிக்கு அண்ணன் தன் பாதிக்கு நீலம் அடித்தார், பொங்கலுக்குத் தம்பி தன் பாதிக்கு மஞ்சள் அடித்தார். நிறம் மாறும் கோடு வாசற்படியின் நடுவில் தொடங்கி, திண்ணையைப் பிளந்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை நேராக ஏறுகிறது. இரண்டு கேட், இரண்டு இ.பி. மீட்டர், நடுவில் ஒரே வேப்பமரம். மரத்தை யாராலும் பிரிக்க முடியவில்லை. சருகைத்தான் பிரித்துக் கூட்டுகிறார்கள்.

அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பழைய இரட்டை வேடப் படங்கள் நினைவுக்கு வரும். ஒரு முகம், நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் அதே முகம். பிரிந்துபோன அண்ணன் தம்பியைப் பற்றிய நாவல்கள், குறுநாவல்களிலிருந்து தமிழில் வந்த படங்களை ஒரு வரிசையில் வைத்துப் பார்க்க உட்கார்ந்ததற்கு இந்த வீடுதான் காரணம். கையில் கிடைத்த முக்கியமான படங்கள் சிலவே: 'உத்தம புத்திரன்' (1940, 1958), 'அபூர்வ சகோதரர்கள்' (1949), அதை மறுபடி எடுத்த 'நீரும் நெருப்பும்' (1971), 'தெய்வ மகன்' (1969), 'ஆளவந்தான்' (2001). பி.யு. சின்னப்பா, சிவாஜி கணேசன், எம்.கே. ராதா, எம்.ஜி.ஆர்., கமல்ஹாசன் என்று நடிகர்கள் மாறுகிறார்கள். ஆனால் எந்தப் படத்தை எடுத்தாலும் அண்ணனும் தம்பியும் ஒருவரே.

ஏன் அப்படி? நட்சத்திர மோகம், ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு நாயகன் என்ற வியாபாரம் என்று பதில் சொல்லிவிடலாம். அது பாதி பதில். மீதிப் பாதி நம் மொழிக்குள் வெகுகாலமாகக் கிடக்கிறது.

பங்காளி என்றொரு சொல்

பங்கு உள்ளவன் பங்காளி. ஒரே பாட்டன் வழி வந்தவன், சாவுத் தீட்டில் பங்கு கொள்பவன், குலதெய்வக் கோயிலில் வரி கொடுப்பவன். அதே சொல்லைக் கொஞ்சம் குரல் மாற்றிச் சொன்னால் 'பங்காளிச் சண்டை', 'பங்காளிக் காய்ச்சல்'. உறவுக்கும் பகைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிற சமூகம் இது. இதன் மூத்த வடிவம் தாயாதி. தாயத்தில் உரிமை உள்ளவன். தாயம் என்றால் வழிவழி வரும் சொத்துரிமை. சொக்கட்டான் உருட்டும்போது விழுகிற ஒன்றுக்கும் அதே பெயர். பிறப்பு தரும் உரிமைக்கும் பாய்ச்சிகை தரும் அதிர்ஷ்டத்துக்கும் ஒரே சொல் அமைந்தது எப்படியோ, பாரதக் கதையில் இரண்டும் ஒரே மண்டபத்தில் வந்து சேர்கின்றன.

சோழன் நலங்கிள்ளி பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 75ஆம் பாட்டு அரசுரிமையைத் தாயம் என்றே சொல்கிறது. இதே நலங்கிள்ளி தன் குலத்தானாகிய நெடுங்கிள்ளியை உறையூரில் முற்றுகையிட்டு நின்றபோது, நடுவில் போய் நின்று பேசியவர் கோவூர் கிழார். புறநானூற்று 45ஆம் பாட்டில் அவர் வைக்கும் வாதம் வேடிக்கையானது, கூர்மையானதும்கூட. எதிரே நிற்பவன் சூடியிருப்பது சேரனின் பனம்பூ இல்லை, பாண்டியனின் வேப்பம்பூவும் இல்லை. உன் தலையிலும் சோழரின் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். இருவரும் வெல்வதோ நடவாத காரியம்.

நீதி, அநீதி, மூத்தவன், இளையவன், யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்குக்குள் புலவர் போகவே இல்லை. இரண்டு தலையிலும் ஒரே மாலை இருப்பதைக் காட்டினார், அவ்வளவுதான். இரட்டை வேடம் இந்த வாதத்துக்குக் கிடைத்த திரை உருவம் என்றே நான் வாசிக்கிறேன். மாலைக்குப் பதில் முகம். வாள் ஓங்குகிற முகமும் வாளுக்கு எதிரே இருக்கிற முகமும் ஒன்றாக இருந்தால், கோவூர் கிழார் பேச வேண்டியதைக் கேமராவே பேசிவிடுகிறது. சினிமாக்காரர்கள் புறநானூறு படித்து இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கொட்டகையில் உட்கார்ந்த கூட்டத்துக்கு இது உடனே பிடிபட்டதற்குக் காரணம் அந்தப் பழைய பழக்கம் என்கிறேன்.

கேமராவுக்குள் ஒரு சுவர்

பிலிம் காலத்தில் இரட்டை வேடத்தை எடுத்த முறையைத் தெரிந்துகொள்வது இங்கே உதவும். கேமராவை அசையாமல் பூட்டுவார்கள். காட்சியில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைப்பார்கள். மாஸ்க் என்பது இதைத்தான். திறந்திருக்கும் பாதியில் நடிகர் அண்ணனாக நின்று பேசுவார், பதில் வரவேண்டிய இடங்களில் கணக்காக நிறுத்திக் காத்திருப்பார். பிறகு அதே பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மாஸ்க்கை மறுபாதிக்கு மாற்றி, ஒப்பனையும் உடையும் மாற்றிக்கொண்டு வந்து தம்பியாக நிற்பார். கேமரா ஒரு நூல் அசைந்திருந்தால் எல்லாம் வீண். இரண்டு பாதியும் சேரும் கோடு கண்ணில் படாமலிருக்க ஒரு தூண், ஒரு கதவுநிலை, ஒரு திரைச்சீலையின் ஓரம் அங்கே வரும்படி செட் போடுவார்கள். பழைய படங்களில் அண்ணன் தம்பி பேசும் இடத்தில் நடுவில் தூண் நிற்பது அலங்காரத்துக்காக மட்டும் இல்லை.

இதன் விளைவு ஒன்றைக் கவனிக்கலாம். கோட்டைத் தாண்டி நடிகர் கையை நீட்டினால் கை பாதியில் காணாமல் போகும். ஆகவே சகோதரர்கள் ஒருவரை ஒருவர் தொட முடியாது. கட்டித் தழுவ வேண்டுமென்றால் டூப் ஒருவரை முதுகு காட்டி நிறுத்த வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு முகத்தைத்தான் காட்டலாம். பகையை எடுப்பதற்கு மாஸ்க் தோதாக இருந்தது, பாசத்தை எடுக்கத்தான் ஏமாற்று வேலை தேவைப்பட்டது. கதை பிரிப்பதற்கு முன்பே கருவி இவர்களைப் பிரித்துவிட்டது.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர். சுந்தரம் 1940இல் எடுத்த 'உத்தம புத்திரன்' தமிழின் முதல் இரட்டை வேடப் படமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. மூலம் அலெக்சாந்தர் டூமா 1847 முதல் 1850 வரை பத்திரிகைத் தொடராக எழுதிய நெடிய நாவலின் ஒரு கிளை. அரசனுக்கு ஒரு இரட்டைப் பிறவி, அவன் முகத்துக்கு இரும்பு முகமூடி. டூமாவின் நாவலில் முகமூடிக்காரன் அரியணையில் நெடுநேரம் நிலைக்கவில்லை. பிடிபட்டுத் திரும்பவும் சிறைக்கே போகிறான், பொல்லாதவன் ராஜாவாக நீடிக்கிறான். பதினான்காம் லூயி வரலாற்றில் நீடித்துவிட்டதால் டூமாவுக்கு வேறு வழியில்லை. திரைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. 1939இல் வந்த ஹாலிவுட் படத்திலேயே நல்லவன் அரியணை ஏறிவிட்டான். சின்னப்பாவும், 1958இல் ஸ்ரீதரின் எழுத்தில் டி. பிரகாஷ் ராவ் இயக்கிய வீனஸ் பிக்சர்ஸ் படத்தில் சிவாஜியும் அதே வழியில் போனார்கள். பங்கு மறுக்கப்பட்டவன் முழுச் சொத்தையும் பெறுவது கொட்டகைக்கு வேண்டியிருந்தது.

அந்த இரும்பு முகமூடியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே முகம் இரண்டு பேருக்கு இருப்பதுதான் வில்லனின் பிரச்சினை. ஆத்தி மாலையைக் கழற்றி எறிய முடியாது, அதனால் மூடி வைக்கிறான். உறவை மறுப்பதற்கு முகத்தை மறைத்தாக வேண்டும் என்பது டூமாவின் கதையோடு வந்த கற்பனைதான் என்றாலும் இங்கே வந்து இறங்கியபோது அது அந்நியமாகத் தெரியவில்லை.

ஜெமினி ஸ்டுடியோவின் 'அபூர்வ சகோதரர்கள்' (1949) இன்னும் சுவாரசியமான வழக்கு. அதன் வேர் டூமா 1844இல் எழுதிய 'கார்சிகச் சகோதரர்கள்' என்ற குறுநாவல். ஒட்டிப் பிறந்து, மருத்துவர் கத்தியால் பிரிக்கப்பட்ட இரட்டையர். ஒருவனுக்குப் படும் அடி எங்கோ இருக்கும் இன்னொருவனுக்கு வலிக்கும். ஆனால் டூமாவின் கதையில் அவர்களுக்குள் பகை என்பதே கிடையாது. பாரிஸில் ஒருவன் கொல்லப்படுகிறான், கார்சிகாவிலிருந்து மற்றவன் வந்து பழி தீர்க்கிறான், அவ்வளவே. ஒரே பெண்மீது இருவருக்கும் ஆசை வந்து அண்ணன் தம்பி முறுக்கிக்கொள்வதை 1941இல் வந்த ஹாலிவுட் படம் சேர்த்தது. ஜெமினி அதையே பிடித்துக்கொண்டது. எம்.கே. ராதாவின் இரண்டு முகங்களுக்கு நடுவே பானுமதி நிற்கிறார். நகரத்தில் ஒருவன் காதலிக்க, காட்டில் இருப்பவன் உடம்பில் காதல் ஏறுகிறது. வலியைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் ஆசையையும் பங்கிட நேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியில்தான் பகை பிறக்கிறது. நாவலில் இல்லாத பிளவைத் திரை போட்டது. அந்தப் பிளவுதான் படத்தைத் தமிழ், இந்தி, தெலுங்கு என்று மூன்று மொழிகளில் ஓட்டியது. 1971இல் எம்.ஜி.ஆரை வைத்து ப. நீலகண்டன் 'நீரும் நெருப்பும்' எடுத்தபோதும் மையம் மாறவில்லை.

தெய்வ மகன்: எழுதாத காசோலை

ராஜா கதையை விட்டுப் பங்காளிக் கதை வீட்டுக்குள் வந்து சேர்ந்தது 'தெய்வ மகன்' படத்தில். மூலம் வங்காளத்திலிருந்து வந்தது. துப்பறியும் கிரீட்டி ராயைப் படைத்த நீஹார் ரஞ்சன் குப்தா எழுதிய 'உல்கா'. உல்கா என்றால் எரிநட்சத்திரம். குப்தா தொழிலால் மருத்துவர், அதுவும் தோல் நோய் மருத்துவர். ஒரு முகத்தின் தோல் ஒருவன் தலைவிதியை எழுதுவதைப் பற்றிக் கதை எழுத இவரைவிடப் பொருத்தமானவர் யார்? கன்னடத்தில் 'தாயி கருளு' (1962), இந்தியில் 'மேரி சூரத் தேரி ஆங்கே(ன்)' (1963) என்று கதை சுற்றிக்கொண்டு 1969இல் ஏ.சி. திருலோகசந்தரிடம் வந்தது. வசனம் ஆரூர்தாஸ், இசை எம்.எஸ். விஸ்வநாதன். அந்த ஆண்டு ஆஸ்காருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது இந்தப் படம்தான். தென்னிந்தியாவிலிருந்து அப்படிப் போன முதல் படம்.

இதில் சிவாஜி மூன்று பேர். தழும்பு முகத்தோடு வாழ்ந்து பணக்காரரான தந்தை சங்கர். அதே தழும்போடு பிறந்ததால், கொன்றுவிடச் சொல்லி டாக்டர் நண்பனிடம் அவர் ஒப்படைக்க, கொல்லப்படாமல் அநாதையாக வளரும் மூத்தவன் கண்ணன். அழகாகப் பிறந்து செல்லமாக வளரும் இளையவன் விஜய். தம்பிக்கு அண்ணன் இருப்பதே தெரியாது. அண்ணனுக்கு எல்லாம் தெரியும். இரும்பு முகமூடி தேவைப்படாத கதை இது, தோலே முகமூடியாகிவிட்டது.

தந்தையும் மூத்தவனும் சந்திக்கும் காட்சியைத் தமிழ்ப் பார்வையாளர் மறப்பதில்லை. தந்தை தொகை எழுதாத காசோலையை நீட்டுகிறார். எவ்வளவு வேண்டுமோ நீயே எழுதிக்கொள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரிடம் கேட்டால் இதற்குப் பெயர் சொல்வார்: விடுதலைப் பத்திரம். ஒரு தொகை வாங்கிக்கொண்டு 'இனி எனக்கு இதில் பாத்தியதை இல்லை' என்று எழுதிக் கொடுப்பது. கண்ணன் கேட்க வந்தது பங்கு இல்லை. அவனுக்குத் தாயைப் பார்க்க வேண்டும், தந்தை தன்னை மகன் என்று சொல்லிக் கேட்க வேண்டும். அதை எந்தக் காசோலையிலும் எழுத முடியாது, எனவே வாங்க மறுக்கிறான். பிறகு தம்பி அறைக்குள் வருகிறான். அண்ணன் மறைவில் நிற்கிறான். தான் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தன் தம்பி நின்று கொஞ்சுவதைப் பார்க்கிறான்.

ஒரே நடிகர் மூன்றாகப் பிரிந்து ஒரே அறையில் இருக்கும் இந்தக் காட்சியில் மாஸ்க் உத்தி தன் வேலையை மறைத்துக்கொள்வதில்லை, கதையோடு கலந்துவிடுகிறது. தொட முடியாதவர்கள் தொட முடியாதவர்களாகவே நிற்கிறார்கள். நடிப்பில் மூன்று உடம்பு மொழிகளை சிவாஜி வைத்திருப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குப் படுவது வேறு. தந்தைக்கும் மூத்தவனுக்கும் தழும்பு பொது, மூத்தவனுக்கும் இளையவனுக்கும் தாய் பொது. ஆனால் சொத்தை இளையவன் மட்டும் அனுபவிக்கிறான். முகத்தைக் கொடுத்த தந்தை தாயத்தைக் கொடுக்க மறுக்கிறார். கடைசியில் தம்பியைக் காப்பாற்றி அண்ணன் உயிர்விடுகிறான். கோவூர் கிழார் பயந்தது நடந்து முடிகிறது, தோற்றது அந்தக் குடி.

இதற்குச் சில ஆண்டுகள் முந்தைய மேற்கத்தியப் படம் ஒன்றோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' (1952) நாவலை எலியா கஸான் 1955இல் படமாக்கினார். பல தலைமுறைக் கதையில் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, தந்தையின் அன்புக்குப் போட்டியிடும் இரண்டு சகோதரர்களை நிறுத்தினார். அங்கேயும் மகன் பணத்தோடு வருகிறான், தந்தை வாங்க மறுக்கிறார். காசோலை எதிர்த்திசையில் நகர்கிறது. ஆனால் அங்கே சகோதரர்கள் இரண்டு நடிகர்கள். ஒருவன் ஜேம்ஸ் டீன், மற்றவன் வேறொருவர். பைபிளின் காயீனும் ஆபேலும் போல இரண்டு குணம், இரண்டு முகம். நமக்கோ இரண்டு குணம், ஒரு முகம்.

நிலம் வந்தால் இரண்டு நடிகர்கள்

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. உண்மையில் நம் ஊர்களில் அண்ணன் தம்பியைப் பிரிப்பது முகமும் இல்லை, முகமூடியும் இல்லை, நிலமும் வீடும். அந்தக் கதை எங்கே?

அது 1959இல் வந்தது. ஏ. பீம்சிங் இயக்கிய 'பாகப்பிரிவினை'. வைத்திலிங்கம், சுந்தரலிங்கம் என்ற கூட்டுக்குடும்பச் சகோதரர்கள். வீட்டைக் குறுக்கே அறுத்துச் சுவர். இந்த இரண்டு சகோதரர்களையும் ஒருவர் நடிக்கவில்லை. டி.எஸ். பாலையாவும் எஸ்.வி. சுப்பையாவும் நடித்தார்கள். அடுத்த தலைமுறையில் செயலிழந்த கையோடு சிவாஜி. படம் பெரிய வெற்றி. இந்தியில் 'கான்தான்' ஆனது. ஆனால் எம்.எஸ். சோலைமலையின் அந்தக் கதை நாவலிலிருந்து வந்ததில்லை, திரைக்கென்றே எழுதப்பட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பங்கு பற்றிய பேச்சு எல்லா வீட்டுக் கூடத்திலும் இருந்த நேரம்.

தமிழ் நாவலில் பங்குச் சண்டை இல்லாமலும் இல்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942லேயே வந்துவிட்டது. இறந்துபோன அண்ணனின் மனைவி கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். கேள்வி கொலையில் முடிகிறது. கொங்கு மண்ணின் பேச்சில், ஒரு ஜோடி ஏர்மாட்டுக்கு இடையில் பகை எப்படி வளர்கிறது என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொன்ன நாவல் குறைவு. பெருமாள்முருகனின் முதல் நாவலான 'ஏறுவெயில்' (1991) காலனி கட்ட நிலம் போன ஒரு குடும்பம் உள்ளிருந்தே உதிர்வதைச் சொன்னது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்து வாசகர் அதைத் தன் ஊர்க் கதை என்றே படிப்பார். இவற்றின் பக்கம் நம் வெகுஜனத் திரை திரும்பவில்லை.

தமிழ் நாவலைத் திரை எடுத்துக்கொண்டபோது பெரும்பாலும் தேர்ந்துகொண்ட உடன்பிறப்பு வேறு: அண்ணனும் தங்கையும், அல்லது அக்காவும் தம்பியும். கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்ற உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' 1978இல் மகேந்திரன் கையில் படமானது. நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' வ. கௌதமன் இயக்கத்தில் 'மகிழ்ச்சி' (2010) ஆனது. பூமணியின் 'வெக்கை' வெற்றிமாறனின் 'அசுரன்' (2019) ஆனபோது சகோதரர்கள் வந்தார்கள். ஆனால் அங்கே அண்ணனுக்காகத் தம்பி கத்தி எடுக்கிறான், அண்ணன்மீது எடுக்கவில்லை. ஆக, பாசத்துக்குத் தமிழ் நாவல், பகைக்குப் பாரிஸும் கல்கத்தாவும் என்று ஒரு பாகப்பிரிவினை இங்கேயும் நடந்திருக்கிறது. நம் வீட்டுப் பகையை நேரே பார்க்கக் கூசி, இறக்குமதி செய்த முகத்தின் வழியாகப் பார்த்தோமோ என்று தோன்றுகிறது.

ஆளவந்தான்: தாயம் விழுந்த இடம்

இந்த வரிசையில் தமிழ் எழுத்திலிருந்தே எழுந்த ஒரே பெரிய முயற்சி 'ஆளவந்தான்'. 1980களில் 'இதயம் பேசுகிறது' இதழில் கமல்ஹாசன் எழுதிய தொடர்கதை 'தாயம்'. அதைத்தான் அவரே திரைக்கதையாக்கி, சுரேஷ் கிருஷ்ணா இயக்கத்தில், கலைப்புலி எஸ். தாணு தயாரிப்பில் 2001 நவம்பரில் கொண்டுவந்தார். இந்தியில் 'அபய்'.

தலைப்பு மாறியதில் ஒன்று போய்விட்டது. 'தாயம்' என்ற பெயரில் இரண்டு பொருளும் இருந்தன. இரட்டைப் பிள்ளைகள், தாய் இல்லை. ஒருவன் மாமன் வீட்டுக்குப் போகிறான், மற்றவன் சிற்றன்னையிடம் மாட்டிக்கொள்கிறான். யார் எங்கே போவது என்பது தாயக்கட்டை உருட்டிய மாதிரிதான். போனவன் ராணுவத்தில் மேஜர் விஜய் ஆகிறான். இருந்தவன் நந்து, கொலை செய்துவிட்டு மனநலக் காப்பகத்தில் அடைபட்டவன். நிலம், நகை, வீடு எதுவும் இவர்களுக்கு நடுவில் கிடையாது. பிரிக்கப்பட்ட சொத்து குழந்தைப் பருவம். ஒருவனுக்கு நல்ல பங்கு, மற்றவனுக்கு நரகம். இவ்வளவு குரூரமான பாகப்பிரிவினைப் பத்திரம் வேறு எந்தப் படத்திலும் எழுதப்படவில்லை.

கமல் இரண்டு உடம்பையும் வேறுவேறாக்கினார். மொட்டைத்தலை, பருத்த தோள், பச்சை குத்திய உடம்பு ஒருபுறம். விறைப்பான சீருடை மறுபுறம். கேமராவின் அசைவைக் கணினி நினைவில் வைத்து மறுமுறையும் அச்சாகத் திரும்பச் செய்யும் மோஷன் கன்ட்ரோல் கருவி வந்துவிட்டதால், பூட்டிவைத்த கேமராவும் நடுத்தூணும் தேவையில்லாமல் போயின. அறுபது வருஷத்துக்குப் பின் அண்ணனும் தம்பியும் கோட்டைத் தாண்டினார்கள். அந்தச் சுதந்திரத்தைப் படம் அதிகமாகச் செலவழித்தது அவர்கள் மோதுவதற்கு. சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான தேசிய விருதும் கிடைத்தது. நந்துவின் மூளைக்குள் வன்முறை கார்ட்டூனாக மாறுகிற இடங்களை உலகத் திரை ரசிகர்கள் இன்றும் தேடிப் பார்க்கிறார்கள்.

கொட்டகையில் படம் விழுந்தது. எதிர்பார்ப்பும் செலவும் பெரிதாக இருந்ததால் விழுந்த சத்தமும் பெரிது. 2023 டிசம்பரில் நீளம் குறைத்து மறுபடி வெளியிட்டபோது இளைஞர்கள் கைதட்டிப் பார்த்தார்கள். இருபது வருஷம் முன் ஏன் அந்நியமாகப் பட்டது? ராஜா ராணிக் கதையிலும் 'தெய்வ மகன்' கதையிலும் தம்பிக்கோ அண்ணனுக்கோ செய்யப்பட்ட அநியாயம் ஒரு தியாகத்தாலோ பட்டாபிஷேகத்தாலோ ஈடாகிவிடும். இங்கே ஈடு கிடையாது. நல்ல பங்கு பெற்றவனின் கையாலாகாத குற்றவுணர்ச்சியோடு நம்மை வீட்டுக்கு அனுப்புகிற படம். நாவலாகப் படிக்கும்போது அந்தக் குற்றவுணர்ச்சியோடு தனியாக உட்கார்ந்திருக்கலாம். தீபாவளிக் கூட்டத்தில் முடியாது.

இதற்குப் பிறகு வந்த பெரிய நாவல் படம் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' (2022, 2023). கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியது. அண்ணன் ஆதித்த கரிகாலனும் தம்பி அருள்மொழியும் காஞ்சியிலும் ஈழத்திலுமாகத் தூரத்தில் இருக்கிறார்கள், மனம் தூரமாகவில்லை. மெய்யான தாயாதிச் சிக்கல் சித்தப்பன் முறையாகிற மதுராந்தகனோடு. அதையும் அருள்மொழி மகுடத்தை விட்டுக்கொடுத்துத் தீர்த்துவிடுகிறான். விட்டுக்கொடுப்பவனை நாயகனாக்கியதில் கல்கி, கோவூர் கிழாருக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது கையெழுத்து

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு நாட்டுக்கு சோஷலிச மாதிரிச் சமுதாயம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சொத்தைச் சமமாகப் பகிர்வது பற்றி நாடு பேசிய ஊர். அதன்பின் தொழிற்சாலைகள், குவார்ட்டர்ஸ், மனைப்பிரிவுகள் என்று ஏரியோரம் வரை ஊர் அடைந்தது. 2019இல் மாநகராட்சியும் ஆயிற்று. ஒரு காலத்தில் ஏக்கரில் பேசிய குடும்பங்கள் சென்ட்டில் பேச ஆரம்பித்து, இப்போது சதுர அடியில் நிற்கின்றன. அளவு குறையக் குறைய அண்ணன் தம்பிக்கு நடுவில் இருக்கும் கோட்டின் விலை ஏறுகிறது.

தெருக்கோடி வீட்டின் பத்திரத்தில் மூன்றாவதாக ஒரு கையெழுத்து இருக்கிறது. அக்காவுடையது. தமிழ்நாட்டில் 1989லேயே மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில்கூடச் சம உரிமை வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. அக்கா விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டோ ஏறிப் போனார். தம்பிகள் இருவரும் அன்று சேர்ந்துதான் வழியனுப்பினார்கள். இரட்டை வேடக் கதையில் இந்த அக்காவுக்கு இடமில்லை. மாஸ்க்கில் இரண்டு பாதிதான் உண்டு. அண்ணன்–தங்கை நாவல்களை ஒரு கையிலும் அண்ணன்–தம்பி நாவல்களை இன்னொரு கையிலும் வைத்திருக்கும் நம் சினிமா, இரண்டையும் சேர்த்து மூன்று முகங்களை ஒரே கூடத்தில் உட்காரவைக்கிற படத்தை இன்னும் எடுக்கவில்லை. அதற்கான நாவலும் இந்தப் பக்கத்துப் பத்திர எழுத்தர்களின் மரத்தடியில் எழுதப்படாமல் கிடக்கிறது.

போன மாதம் அந்த வீட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்தார்கள். தம்பி பக்கம் முதலில். மஞ்சள் அந்தப் பக்கம் வழியாமலிருக்க பெயின்டர் உச்சியிலிருந்து வாசற்படி வரை மாஸ்கிங் டேப் ஒட்டினார். ஒரு வாரம் கழித்து அண்ணன் கூட்டி வந்த வேறொரு பெயின்டர் தன் பங்குக்கு இன்னொரு டேப்பை இந்தப் பக்கம் ஒட்டினார். இரண்டையும் உரித்த பிறகு பார்த்தால், நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு அப்பா காலத்துச் சுண்ணாம்பு அப்படியே தெரிகிறது. அது யாருடைய பட்டாவில் வருகிறது என்று இரண்டு பேரும் இதுவரை கேட்கவில்லை.